போர்ட்லேண்டா, ஃபீனிக்ஸா? சேலத்தில் உட்கார்ந்தே வெயிலையும் பஸ்ஸையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

அமெரிக்க மேற்கில் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் பெரிய வளாகங்கள் இரண்டு ஊர்களை ஒட்டி இருக்கின்றன. ஒன்று ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில், மற்றொன்று அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில். படிக்கப் போகிறவர்களுக்கும் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகம், டெம்ப்பியில் இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் என்று இதே இரண்டு திசைகள்தான். சேலத்தில் ஒரு வீட்டுக்கு இந்த இரண்டு ஊரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தால், வழக்கமாகப் பார்ப்பது சம்பளம், வாடகை. பருவநிலையும் பொதுப் போக்குவரத்தும் தனித்தனி வரியாகக் கடைசியில் வரும்: “அங்கே வெயில், இங்கே மழை, இரண்டிலும் ரயில் உண்டு.”

அந்தத் தனித்தனி வரிதான் தப்பு. காரில் போகிறவருக்கு 43 டிகிரி வெறும் எண். பஸ்ஸில் போகிறவருக்கு அது நிழலில்லாத நடைபாதையில் பத்து நிமிடம். ஆகவே ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு இரண்டு ஊரையும் அளக்க வேண்டும். கீழே சொல்வதற்கு ஒரு கைப்பேசி, ஒரு தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில் இரண்டு பொறிகள்

கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். ஆரிகன் மாநிலத்தின் தலைநகரின் பெயரும் சேலம்தான்; போர்ட்லேண்டிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. “சேலம் – போர்ட்லேண்ட்” என்று ஒப்பிடத் தேடினால் அந்தச் சேலத்தைக் காட்டிவிடும். இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லையே என்று தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். தமிழ்நாடு என்று சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாவது பொறி கடிகாரம். காலை 10 மணிக்கு அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு வரைபடச் செயலியில் “இப்போது கிளம்பு” என்று வைத்து ஃபீனிக்ஸில் பஸ் தேடினால், அங்கே முந்தைய நாள் இரவு 9.30. பஸ்கள் குறைந்துபோன நேரம். “அந்த ஊரில் பஸ்ஸே இல்லை” என்ற முடிவுக்கு வருவது இப்படித்தான். அரிசோனாவில் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதில்லை. நமக்கும் ஃபீனிக்ஸுக்கும் ஆண்டு முழுக்க 12½ மணி நேர இடைவெளி. போர்ட்லேண்டில் மாற்றுவார்கள்: கோடையில் 12½, குளிர்காலத்தில் 13½. எனவே எப்போதும் “புறப்படும் நேரம்” என்பதைத் தேர்ந்தெடுத்து, செவ்வாய் காலை 7.15, அதே நாள் மாலை 5.30, இரவு 9.45, ஞாயிறு காலை 10 என்று நான்கு முறை தேடுங்கள். நான்கையும் தாளில் குறியுங்கள். இரவு 9.45-க்கு வரும் விடைதான் ஊரின் உண்மையான முகம்.

வானிலை எண்களைப் படிப்பது

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரி ஒவ்வொரு மாதத்துக்கும் இலவசமாகக் கிடைக்கும். சுற்றுலாத் தளங்கள் தரும் ஆண்டுச் சராசரியைப் பார்க்காதீர்கள். கோடையையும் குளிரையும் கலந்து எடுத்த சராசரியில் எந்த மாதமும் வாழ்வதில்லை.

எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ். “30 கழித்துப் பாதியாக்கு” என்ற மனக்கணக்கு குளிருக்குச் சரிப்படும்: 40 ஃபாரன்ஹீட் என்றால் 5 வரும், உண்மை 4.4. வெயிலில் ஏமாற்றும்: 110-க்கு 40 என்று சொல்லும், உண்மையில் 43.3. நம் சித்திரை வெயில்தானே என்று நினைக்கவைப்பது அந்தப் பிழைதான். மழை அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர்.

இப்போது எண்கள். ஃபீனிக்ஸில் ஜூலை மாதப் பகல் உச்சத்தின் சராசரி 41 டிகிரிக்கு மேல். ஜூன், ஆகஸ்டும் 40-ஐத் தாண்டும். ஜனவரியில் பகலில் 20, விடியற்காலையில் 8 அளவில். ஆண்டு மழை சுமார் 183 மில்லிமீட்டர். சேலத்தில் ஐப்பசியில் ஒரு நல்ல மாதம் கொட்டினாலே அந்த அளவை எட்டிவிடும். 1990 ஜூன் 26 அன்று பதிவான 50 டிகிரிதான் அந்த ஊரின் உச்சம். 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 43.3 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது.

போர்ட்லேண்டில் ஜூலைப் பகல் 27, 28. ஜனவரிப் பகல் 8 அல்லது 9, இரவு 2, 3. ஆண்டு மழை சுமார் 937 மில்லிமீட்டர்.

இந்தக் கடைசி எண்ணில் சற்று நில்லுங்கள். மழைக்குப் பெயர்போன போர்ட்லேண்டில் ஓராண்டில் பெய்வது, சேலத்தில் ஓராண்டில் பெய்வதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்காட்டைவிட நன்றாகவே குறைவு. பிறகு ஏன் அந்தப் பெயர்? நமக்கு ஒரு மணி நேரத்தில் இடித்துக் கொட்டி, ஐந்து ரோட்டில் முழங்காலளவு தேங்கி, மறுநாள் வெயிலடிக்கும். அங்கே அதே தண்ணீர் நவம்பர் முதல் மார்ச் வரை தூறலாகப் பிரிந்து, ஆண்டில் 150 நாளுக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மழை கிட்டத்தட்ட இல்லை. ஏற்காட்டில் மார்கழி மூடுபனியில் ஏரிக்கரையில் நிற்கும் உணர்வை எடுத்து, அதிலிருந்து பத்து டிகிரி குறைத்து, ஐந்து மாதம் நீட்டினால் போர்ட்லேண்ட்.

மழைநாள்களை எண்ணும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழைநாள். அமெரிக்கக் கணக்கில் 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் போதும். பத்து மடங்கு வேறுபாடு. இரண்டு நாட்டு மழைநாள் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே பொய். போர்ட்லேண்டையும் ஃபீனிக்ஸையும் ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் சரி. சேலத்தோடு ஒப்பிட மில்லிமீட்டரை மட்டும் எடுங்கள்.

அளந்த இடத்தையும் பாருங்கள். இரண்டு ஊருக்கும் மேலே சொன்ன எண்கள் விமான நிலையத்தில் எடுத்தவை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சாலையில் 30 கிலோமீட்டர்தான், வெப்பம் ஒன்றா? போர்ட்லேண்ட் விமான நிலையம் கொலம்பியா ஆற்றங்கரையில், பள்ளத்தாக்குக் காற்று வந்து மோதும் இடத்தில் இருக்கிறது. ஹில்ஸ்பரோவுக்குத் தனி விமான நிலையமும் தனிப் பதிவும் உண்டு. வேலை அங்கே என்றால் அதை எடுங்கள்.

வெப்பத்தோடு சூரியன் மறையும் நேரத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். நம்மூரில் ஆண்டு முழுக்க ஆறுக்கு அக்கம்பக்கம் இருட்டுவதால் இது யாருக்கும் தோன்றாது. போர்ட்லேண்டில் டிசம்பரில் மாலை 4.30-க்கே பொழுது சாயும், காலை 7.45-க்குத்தான் விடியும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஜூனில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம். பலரைச் சோர்வடைய வைப்பது மழையைவிட இந்த இருட்டு. ஃபீனிக்ஸ் தெற்கே இருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

பஸ், ரயில்

போர்ட்லேண்டில் டிரைமெட் என்ற அமைப்பு பஸ்களையும் மேக்ஸ் என்னும் இலகு ரயிலையும் நடத்துகிறது. மேக்ஸ் 1986-ல் தொடங்கியது. இப்போது நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று ஐந்து தடங்கள், சுமார் 97 கிலோமீட்டர். நீலத் தடம் ஹில்ஸ்பரோ வரை போகிறது. 2024 ஆகஸ்டு முதல் சிவப்புத் தடமும் விமான நிலையத்திலிருந்து நகரைக் கடந்து ஹில்ஸ்பரோ விமான நிலைய நிறுத்தம் வரை நீள்கிறது. பெட்டியோடு இறங்கியவர் மாறாமலே போகலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நகரின் மையத்தில் ரயில் தெருவிலேயே ஓடுவதால் அங்கே ஊர்ந்துதான் போகும்.

ஃபீனிக்ஸில் வேலி மெட்ரோ. இலகு ரயில் 2008 டிசம்பர் 27-ல் தொடங்கியது. 2025 ஜூனில் தெற்கு நீட்டிப்பு திறந்தபின் இரண்டு தடங்கள்: ஏ தடம் ஃபீனிக்ஸ் மையத்திலிருந்து டெம்ப்பி வழியாகக் கிழக்கே மேசா வரை, பி தடம் வடக்கு தெற்காக. இரண்டும் நகர மையத்தில் சந்திக்கும். விமான நிலையத்தில் இறங்கினால் இலவச ஸ்கை டிரெயின், 44-வது தெரு நிலையத்தில் ஏ தடத்தோடு சேர்த்துவிடும். பல்கலைக்கழகம் ஏ தடத்திலேயே இருக்கிறது. சாண்ட்லருக்கு ரயில் கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போடலாம். டெம்ப்பியில் படிப்பவருக்கும் சாண்ட்லரில் வேலை பார்ப்பவருக்கும் “ஃபீனிக்ஸ்” ஒரே ஊரல்ல. படிப்பவர் அப்பாச்சி சாலை ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் வீடெடுத்தால் கார் இல்லாமல் இரண்டு ஆண்டு ஓட்டலாம். டெம்ப்பி நகராட்சியின் ஆர்பிட் சிற்றுந்துகளும் உதவும்: கட்டணமே இல்லை, தடங்களுக்குக் கோள்களின் பெயர். செவ்வாய்ப் பெயரிலும் ஒன்று ஓடுகிறது. செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் தைரியமாக ஏறலாம். சாண்ட்லரில் வேலை என்றால் முதல் மாதமே காருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஏன் என்பதற்கு ஃபீனிக்ஸின் தெரு அமைப்பைப் பார்க்க வேண்டும். பெரிய சாலைகள் ஒவ்வொரு மைலுக்கும் ஒன்றாக, தாயக்கட்டம் போல் குறுக்கும் நெடுக்கும் போகும். பஸ் ஓடுவது பெரும்பாலும் அந்தச் சாலைகளில். கட்டத்தின் நடுவில் வீடு இருந்தால் சாலைக்கு 800 மீட்டர். ஆனால் புதுக் குடியிருப்புகளைச் சுற்றி மதில் உண்டு, வாசல் ஒரு பக்கம் மட்டும். வரைபடத்தில் 800 மீட்டராகத் தெரிவது காலுக்கு ஒன்றரை கிலோமீட்டராகிவிடும். வீடு பார்க்கும்போது நேர்கோட்டுத் தூரத்தை நம்பாமல், “நடந்து” என்ற வழியைத் தேர்ந்தெடுத்து அளங்கள். போக வேண்டிய இடம் வேறு சாலையில் இருந்தால் குறுக்குச் சந்திப்பில் பஸ் மாற வேண்டும். அந்தச் சந்திப்பில்தான் இரண்டாவது பத்து நிமிடம்.

ஹில்ஸ்பரோவிலும் ரயில் வளாகத்து வாசல்வரை போகாது. ஓரென்கோ நிலையத்திலிருந்து இன்டெல்லின் ரோன்லர் ஏக்கர்ஸ் வளாகத்துக்கு பஸ்ஸோ சைக்கிளோ வேண்டும். மேக்ஸில் சைக்கிளை மாட்டக் கொக்கி உண்டு, பஸ்ஸின் முன்பக்கம் சட்டம் உண்டு. மட்கார்டு இல்லாத சைக்கிள் மட்டும் வாங்காதீர்கள். தூறலில் முதுகெல்லாம் சேறு.

தாளில் பன்னிரண்டு வரி

இப்போது இரண்டு பகுதியையும் சேர்க்கலாம். தாளில் மாதத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஊருக்கு இரண்டு கட்டம்: காலை 7, மாலை 5.30. காலைக்கு அந்த மாதத்தின் குறைந்த வெப்பச் சராசரியை எழுதுங்கள், மாலைக்கு உச்சத்தை. மாலை 5.30-க்கு உச்சம் தணிந்திருக்குமே என்று கேட்கலாம். ஃபீனிக்ஸ் கோடையில் நாலு, ஐந்து மணிக்குத்தான் உச்சமே. பக்கத்தில் வெளிச்சமா இருட்டா, மழையா என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் “நிற்கலாம்”, “ஏற்பாட்டோடு நிற்கலாம்”, “நிற்கக் கூடாது” என்று மூன்றில் ஒன்று.

நிரப்பிப் பார்த்தால் ஃபீனிக்ஸ் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலைக் கட்டம் “நிற்கக் கூடாது”. மே மாதம் பாதி. நவம்பர் முதல் மார்ச் வரை சொர்க்கம். சேலத்துத் தை மாதத்தைவிட நன்றாக இருக்கும். போர்ட்லேண்டில் “நிற்கக் கூடாது” என்று ஒரு மாதமும் வராது. ஆனால் ஐந்து மாதம் தொடர்ச்சியாக “ஏற்பாட்டோடு” என்று வரும்.

எங்கள் கணிப்பு: கார் இல்லாமல் வாழ நினைப்பவருக்குப் போர்ட்லேண்ட். முழங்கால் வலியும் ஆஸ்துமாவும் குளிரில் ஏறுகிறவர் கையில் காரும் இருந்தால் ஃபீனிக்ஸைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அங்கே கோடைப் புழுதியையும் ஓசோன் மாசையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புழுதியில் கலந்த பூஞ்சையால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் அந்தப் பகுதியில் அதிகம்.

சேவை நிற்கும் நாள்கள்

சராசரியில் தெரியாதது இது. போர்ட்லேண்டில் குளிர்காலத்தில் சில நாள் உறைமழை வரும். கொலம்பியா பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கிலிருந்து வரும் கடுங்குளிர் காற்று தரையோடு படிந்திருக்கும். மேலே கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று. மழை தண்ணீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். மின்கம்பியில் பனிக்கட்டி பூசிக்கொண்டால் ரயிலின் கூரைக் கம்பிக்கு மின்சாரம் ஏறாது. 2024 ஜனவரியில் அப்படித்தான் மேக்ஸ் நின்றது. அந்த நாளில் பஸ்ஸும் சங்கிலி கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வரும். வீட்டில் மூன்று நாளுக்கு அரிசி பருப்பு, வீட்டிலிருந்து வேலை பார்க்க முன்னனுமதி இரண்டும் இருந்தால் போதும். நடக்கப் போய் விழுவதுதான் பெரிய செலவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லேண்டில் 46.7 டிகிரி. கம்பி சூட்டில் நீண்டு தொய்ந்ததால் மேக்ஸை நிறுத்தினார்கள். ஏசி இல்லாத வீடுகளில் பலர் இறந்தார்கள். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகை ஊரை மூடியது. ஃபீனிக்ஸ் ரயில் அந்த ஊர்ச் சூட்டுக்கென்றே அமைத்தது. வெயிலுக்கு அவ்வளவாக நிற்காது. அங்கே நின்றுபோவது பயணியின் உடம்பு. ஜூனில் காற்று அவ்வளவு உலர்வாக இருப்பதால் வியர்வை தெரியாமலே ஆவியாகிவிடும். சட்டை நனையவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அவர்களுடைய பருவமழைக் காலம். சில மாலைகளில் புழுதிச் சுவர் எழும். ஸ்டாப்பில் இருந்தால் அருகிலுள்ள கடைக்குள் போய்விடுங்கள்.

கையில் என்ன

ஃபீனிக்ஸ் கோடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வெயிலுக்குக் குடை, முழுக்கை பருத்திச் சட்டை. டிக்கெட்டைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். ஐபோனுக்கு நிறுவனம் சொல்லும் வெளிவெப்ப எல்லை 35 டிகிரி. 43-ல் திரை மங்கி அணைந்துவிடலாம். வேலி மெட்ரோவின் கட்டண அட்டையான காப்பர் அட்டையைப் பையில் வையுங்கள். ஒரு பயணம் 2 டாலர், ஒரு நாளுக்கு உச்சம் 4 டாலர்.

போர்ட்லேண்டில் ஹாப் அட்டை. 2.80 டாலருக்கு இரண்டரை மணி நேரம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். நாள் உச்சம் 5.60, மாத உச்சம் 100 டாலர். 65 வயதானவருக்குப் பாதிக் கட்டணம், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். உச்சவரம்பு ஒரே அட்டைக்குத்தான் கணக்காகும். காலையில் கைப்பேசியையும் மாலையில் வங்கி அட்டையையும் தட்டினால் இரண்டு தனி ஆள்களாக எடுத்துக்கொண்டு முழுக் கட்டணமும் பிடிக்கும். நம்மூர் வங்கி அட்டை என்றால் அந்நியச் செலாவணிக் கட்டணம் மேலே.

இரண்டு ஊரிலும் ரயிலுக்குத் தடுப்புக் கதவு இல்லை. தட்டாமல் ஏற முடியும். பரிசோதகர் வந்தால் அபராதம். பஸ்ஸில் நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் சில்லறை தரமாட்டார். டவுன் பஸ்ஸை ஓடிப்போய்க் கைகாட்டி நிறுத்தும் பழக்கத்தைச் சேலத்திலேயே விட்டுவிடுங்கள். ஸ்டாப் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்காதவரை அவர் நிறுத்துவதில்லை.

ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் போர்ட்லேண்டில் உள்ளுடைதான். அதன்மேல் தண்ணீர் புகாத, தலைமூடி வைத்த மேலங்கி வேண்டும். குடையை அங்கே காற்று திருப்பிவிடும். தண்ணீர் ஏறாத காலணியைச் சேலத்தில் தேடி அலையாமல் அங்கேயே வாங்கலாம்.

பெற்றோர் வருவதாக இருந்தால் போர்ட்லேண்டுக்கு ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம்வரை, ஃபீனிக்ஸுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. பேரன் பள்ளி விடுமுறையை வைத்து ஜூலையில் ஃபீனிக்ஸுக்கு டிக்கெட் போட்டால், சேலத்து வெயிலைப் பார்த்த தாத்தாவும் மூன்று வாரம் ஜன்னல் வழியாகத்தான் அமெரிக்காவைப் பார்ப்பார்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஊருக்கு ஊர் மாறும். போர்ட்லேண்டில்: “ஏசி இருக்கிறதா, இல்லையென்றால் ஜன்னலில் வைக்க அனுமதி உண்டா?” பழைய குடியிருப்புகளில் இல்லாமலே இருக்கும். ஃபீனிக்ஸில்: “ஏசி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும்?” ஏசி உள்ள வாடகை வீட்டை 82 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் குளிர்விக்க முடிய வேண்டும் என்பது அந்த நகரத்தின் விதி, செல்சியஸில் 28-க்குச் சற்றுக் கீழே. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.